கப்பல் ஊருக்கு வந்தபோது

என் கணவர் கப்பலில் சமையற்காரர். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்திருந்த மாதங்களைவிடப் பிரிந்திருந்த மாதங்கள்தான் அதிகம். நான் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடும் துறைமுகங்களுக்கெல்லாம் அவர் போயிருக்கிறார். மும்பைக்குப் பலமுறை வந்திருக்கிறார், விசாகப்பட்டினத்துக்கு ஒருமுறை. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், காற்று திரும்பும் நாட்களில் ஹார்பரிலிருந்து கப்பல் ஊதுவது கேட்கும். ஆனால் அவர் ஏறிய கப்பல் எதுவும் எங்கள் தூத்துக்குடிக்கு வந்ததில்லை.

அந்த வருஷம் வைகாசி முடியும் நேரத்தில், இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

“ஏளா, நிக்கியா, உக்காந்திருக்கியா?”

“நிக்கேன். ஏன், என்ன ஆச்சு?”

“உக்காரு. கப்பல் தூத்துக்குடிக்கு வருது.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று அவர் இரண்டு மூன்று தடவை அலோ அலோ என்றார். நிலக்கரி இறக்க நாலைந்து நாள் ஆகும் என்றார். ஆனால் சமையற்காரர் நினைத்தபோது இறங்கிவிட முடியாது. கரையில் கட்டிக் கிடந்தாலும் கப்பலில் இருக்கிறவர்களுக்கு மூன்று வேளையும் பசிக்கும். கேப்டனிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். ஒருநாள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இறங்கலாம். உதவியாள் இரவுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வான். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குள் ஏறிவிட வேண்டும். ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி. அவர் போய் அப்போது ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பரீட்சை நேரம். அதனால் அந்த ஒரு ராத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமானதாக இருக்கும் என்பதை, வெளியே சொல்லாவிட்டாலும், இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

“என்ன சமைக்கட்டும்?” என்று கேட்டேன்.

“எதுன்னாலும் செய். நான் அடுப்புப் பக்கம் வரமாட்டேன். நீ போடப் போட நான் உக்காந்து திங்கணும். அம்புட்டுத்தான்.”

விளமீன் குழம்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாட்களில் நான் சாமான் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் பார்க்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது. வெள்ளம் வந்த வருஷம், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனர் அண்ணாச்சி, கீழ்வீட்டில் இருப்பவர், பலசரக்குக் கடைக்காரர், தன்னுடைய பழைய சரக்குக் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். வெளியூர்களிலிருந்து லாரிகளில் வந்த அரிசியும் பிஸ்கட்டும் பாயும் அங்கேதான் இறங்கின. நாங்கள் தெருப் பெண்கள் சிலர் பிரித்துக் கொடுத்தோம். தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் வருகிற ஆட்கள் நிற்கவில்லை. மழைக்காலத்தில் உப்பள வேலை இல்லாதவர்கள் வந்தார்கள். காற்று மாதங்களில் கடலுக்குப் போக முடியாத சங்குக்குளிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தும் அடுப்பில் ஏற்ற ஒன்றுமில்லாத வயதானவர்கள், மஃப்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். அதனால் அந்த இடத்தை மூடாமல் வைத்துக்கொண்டோம். அலமாரிகளில் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. ஒரு மூலையில் பெரிய ஃபிரிட்ஜ். அதில் பால், தயிர், முட்டை, காய்கறி. இருப்பவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். நாங்கள் முறைவைத்து நின்று கவனித்துக்கொள்வோம்.

எங்களுக்குத் தலைமை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. நர்சக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆரம்பத்தில் அவளுடைய கெடுபிடி எங்களுக்குப் பிடிக்கவில்லை. அரிசி மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது, சுவரில் சாய்க்கக் கூடாது என்பாள். எலிப் புழுக்கை ஒன்றைக் கண்டால் அலமாரி முழுவதையும் காலி செய்யவைப்பாள். கல்யாண மண்டபங்களிலிருந்து மிச்சச் சோறு வந்தால் வாசலிலேயே கரண்டியை விட்டுப் பார்ப்பாள். சூடு இல்லையென்றால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஆரம்ப நாட்களில் ஒரு சம்பவம் நடந்தது. எங்களோடு வேலை செய்த ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு. லீவு போட மனசு வராமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து, அவித்த முட்டைகளை உரித்துப் பொட்டலம் கட்டினாள். நல்லவள், ஓடி ஓடிச் செய்வாள். அந்த முட்டை போன வீடுகளில் எல்லாம் வாந்தி, பேதி. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தது பெரிய காரியம். அதன் பிறகுதான் நர்சக்கா அந்த விதியைக் கொண்டுவந்தாள். வாந்தியோ பேதியோ வந்தவர்கள், அது முழுவதும் நின்று இரண்டு நாள் கழியும்வரை சாமான் ரூம் பக்கமே வரக் கூடாது.

“சேவை செய்ய வாரவங்களைப் போய் வராதன்னு எப்படிச் சொல்லுதது?” என்று அண்ணாச்சி தயங்கினார்.

“வந்தே தீருவேன்னு நிக்குதவளைத்தான் அண்ணாச்சி முதல்ல நிறுத்தணும்” என்றாள் நர்சக்கா.

இதையெல்லாம் நான் என் கணவரிடம் போனில் சொல்வேன். அதற்கு முன்னால் எங்கள் பேச்சு, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பிள்ளை பேசினாளா, பேசினாள் என்று சீக்கிரமே தீர்ந்துபோகும். இருவருக்கும் பொதுவாகப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் கடல் எனக்குத் தெரியாது. என் தெரு அவருக்கு மறந்துகொண்டு வந்தது. சாமான் ரூம் வந்த பிறகு பேச்சு நீண்டது. நான் போனைத் தூக்கிக்கொண்டு அலமாரி அலமாரியாகக் காட்டுவேன். அவர் ஏதோ வேற்று நாட்டுத் துறைமுக வாசலில் நின்றுகொண்டு, “அந்த டின்னு உப்பியிருக்கு பாரு, தூக்கிப் போடு”, “ஃபிரிட்ஜுக்குள்ள அடைசலா வைக்காத, குளிரு எங்கன போவும்?” என்று சொல்லுவார். மற்றப் புருஷன் பெண்டாட்டி தூரத்தில் இருந்தால் என்ன பேசுவார்களோ தெரியாது. நாங்கள் எலிப்பொறி பற்றியும் தெர்மாமீட்டர் பற்றியும் பேசினோம். அப்படிப் பேசும்போது அவர் பக்கத்தில் நிற்பதுபோல எனக்குத் தோன்றும்.

நர்சக்காவின் இரண்டு நாள் விதியைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “கப்பல்லயும் அதேதான்” என்றார். அவர் புதிதாக ஏறிய கப்பல் ஒன்றில், தலைமைச் சமையற்காரருக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கிறது. சொன்னால் இறக்கிவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை. நடுக்கடலில் ஒவ்வொருவராகப் படுத்துவிட்டார்கள். எஞ்சின் ரூமில் ஒருவன் வாந்தி எடுத்தபடியே நின்று வேலை பார்த்திருக்கிறான். வயதான மாலுமி ஒருவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்றாம்.

“அங்கன டாக்டர் கிடையாதுல்லா. அன்னைக்கு முடிவு பண்ணேன். எனக்கு வயிறு சரியில்லன்னா என்னையே கழுத்தைப் பிடிச்சு கிச்சனுக்கு வெளிய தள்ளிருவேன்” என்றார்.

கப்பல் வந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டது. உள்ளே இடம் கிடைப்பதற்காகக் காத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம், வீட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். கச்சான் காற்று தொடங்கியிருந்தது; மேற்கிலிருந்து மண்ணை வாரி முதுகில் அடித்தது. தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, எல்லாம் ஒரே மாதிரி, சாம்பல் கோடுகள்போல. போன் அடித்தது. இங்கத்துச் சிக்னல் அவருக்குக் கிடைத்துவிட்டிருந்தது. குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல அத்தனை தெளிவு.

“எங்கன நிக்க?”

“பீச்ல.”

“நான் மேல் தட்டுல நிக்கேன். வெள்ளைத் துண்டை ஆட்டுதேன் பாரு. தெரியுதா?”

எதுவும் தெரியவில்லை. எந்தக் கப்பல் என்றே தெரியவில்லை.

“தெரியுது” என்றேன். “நல்லாத் தெரியுது.”

அவரும் என்னைத் தெரிகிறது என்றார். பச்சைச் சேலைதானே என்றார். நான் ஊதாச் சேலை கட்டியிருந்தேன். ஆமா என்றேன்.

மறுநாள் சாமான் ரூமில் என் முறை. போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆனால் காற்று மாதம், கூட்டம் அதிகம். வீட்டில் சும்மா இருந்தால் எனக்கும் பொழுது போகாது. நர்சக்கா ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன். சங்குக்குளிக்காரர் வீட்டு இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் பெண்குழந்தையோடு வரிசையில் நின்றாள். பிள்ளை துவண்டுபோயிருந்தது. என் முன்னால் வந்ததும், அது அம்மாவின் இடுப்பிலிருந்தபடியே முன்னால் சரிந்து வாந்தி எடுத்தது. தரையிலும், வாய் திறந்திருந்த அரிசி மூட்டையிலும், என் பாதத்திலும் தெறித்தது.

 அந்தப் பெண் முந்தானையை உருவிக் குனிந்தாள். “அக்கா, நானே துடைச்சிருதேன், அக்கா.”

“துடைக்காத. நீ ஒண்ணையும் தொடாத. பிள்ளையைக் கொண்டுபோய் வெளிய நிழல்ல உக்காரு, நர்சக்கா வருவாவ” என்றேன்.

எல்லோரையும் வெளியே அனுப்பினோம். நர்சக்கா குழந்தைக்கு உப்புக்கரைசல் கொடுக்கப் போனாள். நான் கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டேன். பழைய செய்தித்தாளை மேலே விரித்து, பிளீச்சிங் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு அள்ளத் தொடங்கினேன். பிளீச்சிங் நெடி நெஞ்சை அடைத்தது. அதற்காக ஜன்னலைத் திறந்தபோதுதான் கச்சான் உள்ளே பாய்ந்தது. தரையில் கிடந்த நனைந்த தாளைத் தூக்கி என் கழுத்திலும் தாடையிலும் அப்பியது. பிய்த்துப் போட்டுவிட்டுக் கழுவினேன், சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அண்ணாச்சி வந்து அரிசி மூட்டையைப் பார்த்தார். “மேலாப்புல பட்டதைத்தான வழிச்சுப் போடணும்? அடியில நல்லாத்தான இருக்கு.”

நர்சக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூட்டை முழுவதும் வெளியே போயிற்று. அன்றைக்கு ரூமை மூடிவிட்டோம். போகும்போது நர்சக்கா என் கழுத்தைப் பார்த்து, “போனதும் தலைக்கு ஊத்தி, துணியைக் கொதிக்கிற தண்ணியில போடு” என்றாள். 

கப்பல் உள்ளே வந்து கட்டியது. நாளைக்கு மதியம் இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் மெத்தை உறை மாற்றினேன். மல்லிகைப் பூவுக்குச் சொல்லிவைத்தேன். ஆத்தூர் வெற்றிலை அவருக்குப் பிடிக்கும். கடைக்குப் போய்க் கொழுந்தாகப் பார்த்து வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மீன்காரியிடம் காலையிலேயே விளமீன் கொண்டுவரச் சொன்னேன்.

விடியும்போது வயிற்றைப் பிசைந்தது. ஆவலில் அப்படி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து பாத்ரூம் போவதற்குள் வாந்தி வந்துவிட்டது. பிறகு பேதி. அதன் பிறகு சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. மீன்காரி கீழே வந்து நின்று கூப்பிட்டாள்.

“எம்மா, விளமீன் கொண்டாந்திருக்கேன், துடிக்குது, வந்து பாருங்க!”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு வேண்டாம்மா, வேற யாருக்காவது கொடுத்திருங்க” என்றேன். ஐயா வாராங்கன்னு சொன்னீங்களே என்று அவள் கேட்டாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

நர்சக்காவுக்குப் போன் செய்தேன். அந்தக் குழந்தைக்கு வந்ததுதான் என்றாள். ஒரு நாள் ஆட்டும், தண்ணீர் விடாமல் குடி, மதியம் வந்து பார்க்கிறேன் என்றாள்.  அவர் வருவது அவளுக்குத் தெரியும்.

“அவரு எப்பளா இறங்குதாரு?”

“மத்தியானம்.”

“ம்” என்றாள். வரட்டும் என்றோ வர வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியதில்லை.

வெறுந்தரையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. மத்தியானத்துக்குள் நின்றுவிட்டாலும் நிற்கும். தலை வலி என்று சொல்லிக்கொள்ளலாம். தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் ஏழெட்டு மாதம் கழித்து வருகிறவர் தள்ளியா உட்காரப் போகிறார்? நான்தான் தள்ளி உட்காருவேனா? காலையில் அவர் கப்பலேறி ஆட்டா பிசைவார். அவர் கையால்தான் அத்தனை பேரும் சாப்பிட வேண்டும். அடுத்த துறைமுகம் ஆஸ்திரேலியாவில், நடுவில் கடல் மட்டும்தான். அவர்களுக்கும் பெண்டாட்டிகள் இருப்பார்கள், எங்கேயாவது மொட்டைமாடியில் நின்றுகொண்டு.

போனை எடுத்தேன். அவர் சமையலில் இருந்தார். பாத்திரச் சத்தம் கேட்டது.

“எனக்கு வயித்துல சரியில்ல” என்றேன். “காலையில இருந்து வாந்தியும் பேதியும்.”

பாத்திரச் சத்தம் நின்றது. “ரொம்பவா? ஆஸ்பத்திரிக்குப் போணுமா?”

“அதெல்லாம் வேண்டாம். நர்சக்கா வாராவ. நான் சொல்லவந்தது அது இல்ல.”

“தெரியுது” என்றார். ஆனாலும், “நான் வாரேன்” என்றார்.

“வரக்கூடாது.”

“கையைக் கழுவிக்கிடுதேன். மாஸ்க் போட்டுக்கிடுதேன்.”

“நீங்கதான சொன்னீய, உங்களையே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவேன்னு? ராத்திரி இங்க இருந்துட்டு அங்க போய் எப்படிச் சமைப்பீய?”

  அவர் கிச்சன் கதவைத் திறந்து வெளியே வரும் சத்தம் கேட்டது.

“தெருவுக்காவது வாரேன்ளா” என்றார் கடைசியில். “மேல ஏறமாட்டேன்.”

மதியத்துக்கு மேல் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அதற்குள் வாந்தி குறைந்திருந்தது. வயிறு மட்டும் விட்டுவிட்டு இழுத்தது. முகத்தைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு பால்கனிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பூக்காரி வாசலில் வைத்துவிட்டுப் போன பூவைத் தலையில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டேன்.

அவர் கீழே முற்றத்தில் நின்றார். தோளில் ஒரு பை. நான் முதலில் பார்த்தது அவருடைய உச்சந்தலையை. நடுவில் முடி கொட்டி வட்டமாகத் தெரிந்தது. வீடியோவில் முகத்தைத்தான் பார்க்கிறோம். அவருக்கு வழுக்கை விழுந்தது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னவோ சொன்னார். கச்சான் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

“என்ன? கேக்கல!”

அவர் திரும்பவும் கத்தினார். அண்ணாச்சி வீட்டு முற்றத்து முருங்கை மரம் பேய் பிடித்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என் மடியில் இருந்த போன் அடித்தது.

அப்படித்தான் பேசினோம். ஒரு மாடி உயரம்தான் எங்களுக்கு இடையில். காதில் போனை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. வருஷக்கணக்காகப் போனில் பேசிப் பழகியவர்கள்தான், ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் வாய் கூசியது.

“மெலிஞ்சிட்ட” என்றார்.

“காலையில இருந்துதான் மெலிஞ்சேன்” என்றேன். சிரித்தார். பல் வரிசையில் ஒன்று போயிருந்தது. அதுவும் எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நர்சக்கா வந்து, கையுறை மாட்டிக்கொண்டு மேலே ஏறி என் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு அவரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்றாள். “கஞ்சி வச்சுக் குடுக்கணும், நான் வீட்டுல போய் வச்சுக் கொண்டாரேன்” என்று கிளம்பினாள்.

“நான் வைக்கேன்” என்றார் அவர்.

அண்ணாச்சி வீட்டு அடுப்படியில் போய் நின்றார். அடுப்புப் பக்கமே வரமாட்டேன் என்று சொன்ன மனுஷன். நான் பால்கனியில் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குருணை அரிசி வறுபடும் மணம் மேலே வந்தது. பிறகு சீரகம். அவர் கப்பலில் எத்தனையோ பேருக்கு, எத்தனையோ நாட்டுக்காரர்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறார். எனக்கு அவர் சமைத்தது குறைவு. வீட்டுக்கு வந்தால் நான்தான் விடமாட்டேன்.

தூக்குவாளியில் ஊற்றி மாடிப்படியின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நான் மேல்படிக்கு வந்துவிட்டேன். காற்று அடிக்காத இடம் அது. அன்றைக்கு முதல்முறையாகப் போன் இல்லாமல் அவர் குரலைக் கேட்டேன்.

“சூடா இருக்கு. ஆத்திக் குடி.”

“நீங்க கீழ இறங்குங்க. நான் எடுத்துக்கிடுதேன்.”

அவர் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினால் தொட்டுவிடலாம். அவர் கை படியின் கைப்பிடியில் இருந்தது. விரலில் பழைய தீக்காயத் தழும்பு. நான் புறங்கையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகையை அடக்கவா, மூச்சுக்காற்று அவர் மேல் படாமலிருக்கவா, எனக்கே தெரியாது.

“இறங்குங்க” என்றேன் திரும்பவும்.

இறங்கினார். பின்பக்கமாகவே, என்னைப் பார்த்தபடியே இறங்கினார்.

கஞ்சியை நான் பால்கனியில் உட்கார்ந்து குடித்தேன். அவர் கீழே உட்கார்ந்து அண்ணாச்சி வாங்கிக்கொடுத்த பரோட்டாவைச் சாப்பிட்டார். ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். உப்பு போதுமா என்று போனில் கேட்டார். போதும் என்றேன். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டினார். மகளுக்கு ஒரு கைக்கடிகாரம், எனக்கு ஒரு சால்வை, சாமான் ரூம் ஃபிரிட்ஜுக்கு ஒரு நல்ல தெர்மாமீட்டர். சால்வையை விரித்துக் காற்றில் பிடித்தார். அது கப்பல் பாய் மாதிரி விரிந்து அவர் முகத்தை மூடியது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். முற்றத்துக்கு வந்த அண்ணாச்சி திரும்பி உள்ளே போய்விட்டார்.

ராத்திரி கீழ்வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி எவ்வளவோ சொன்னார். கட்டில் போட்டுத் தருகிறேன், காலையில் நானே ஹார்பரில் கொண்டுவிடுகிறேன் என்றார். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டுவதற்கு முன்னால் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.

“இருக்கலாம்லா” என்றேன் போனில். “கீழதான?”

“இங்கன இருந்தா படியேறிருவேன்ளா” என்றார்.

அதற்கு மேல் நான் இருக்கச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பூ இன்னும் என் கையில் இருந்தது. அப்போதுதான் அதைத் தலையில் வைத்துக்கொண்டேன், அவர் பார்க்கும்படியாக. அவர் தலையை ஆட்டினார். ஆட்டோ திரும்பியது.

கப்பல் அடுத்த நாளைக்கு அடுத்த நாள் புறப்பட்டது. நான் அதற்குள் தேறிவிட்டேன். புறப்படும் நேரத்தில் கடற்கரைக்குப் போகலாமா என்று நினைத்தேன், போகவில்லை. வீட்டு மொட்டைமாடியில் நின்றேன். ஊதியது கேட்டது. அது அவருடைய கப்பல்தானா, வேறு கப்பலா, யாருக்குத் தெரியும்?

அடுத்த சில நாட்கள் சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, படியில் அவ்வளவு பக்கத்தில் நின்றாரே, தூக்குவாளியை வைத்த இடத்தைத் தொட்டாரே என்று ஓடிக்கொண்டேயிருந்தது. ஒருநாள் காலையில் கப்பலின் இன்டர்நெட்டிலிருந்து செய்தி வந்தது. ‘எல்லோரும் நலம். இன்னைக்குப் பூரி.’ அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நர்சக்கா விதிப்படி, முழுவதும் நின்று இரண்டு நாள் கழித்துத்தான் சாமான் ரூமுக்குப் போனேன். அந்தக் குழந்தையின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. பிள்ளை நன்றாக இருந்தது. மண்ணை அள்ளிக் காற்றில் வீசி விளையாடிக்கொண்டிருந்தது. எனக்கு நோய் வந்த கதை அவள் காதுக்குப் போயிருந்தது.

“என்னாலதான உங்களுக்கு இப்படி ஆச்சு? அண்ணன் வந்த நேரத்துல” என்றாள்.

“நீ என்ன செய்வ? பிள்ளைக்கு முடியலன்னா இனிமே வரிசையில நிக்காத. சொல்லி அனுப்பு, வீட்டுக்குக் கொண்டுவந்து தாரோம்” என்றேன். அப்படித்தான் இப்போது செய்கிறோம். வீட்டில் யாருக்கு முடியவில்லையென்றாலும் எங்களில் ஒருத்தி பையைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருகிறாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பினானா என்று கேட்டேன். காற்று தணியவில்லை, சும்மாதான் வீட்டில் இருக்கிறார், நாள் முழுவதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் கால்மாட்டிலேயே கிடக்கிறார் என்று சலித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அரிசி அளந்து போட்டேன்.

அவர் கான்ட்ராக்ட் முடிந்து மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்தார். விளமீன் குழம்பு வைத்தேன். சாமான் ரூமுக்கு என்னோடு வந்து அலமாரிகளையெல்லாம் இடம் மாற்றி வைத்தார். நர்சக்காவோடு வாக்குவாதம் செய்தார். சில மாதங்கள் நாங்கள் எல்லோரையும்போல இருந்தோம். குழாய் ரிப்பேருக்கும் கரண்ட் பில்லுக்கும் சண்டை போட்டோம். பக்கத்திலேயே படுத்திருக்கும்போதும் சில நேரம் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வரும். படியில் இன்னும் கொஞ்சம் ஏறினால் எட்டும் தூரத்தில் நின்றாரே, அந்த மனுஷனை நான் இன்னும் தொடவில்லை என்பதுபோல இருக்கும். பிறகு வந்தவர் வேறு ஆள்போலவும், அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்போலவும். இதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது வேறு கப்பலில் இருக்கிறார். கோதுமை ஏற்றிக்கொண்டு எங்கோ போகிறார்கள். அடுத்த துறைமுகம் எது என்று முடிவாகவில்லையாம். இந்தியாப் பக்கம் இருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். நேற்றுப் போனில் அதைச் சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

“சாப்டீயளா?” என்று கேட்டேன்.